லீற்றருக்குப் பதினொன்றரை

கீர்த்தனி கணக்குக் கொப்பியைத் திருப்பி ஹஸ்மியின் பக்கம் தள்ளினாள். அவள் விரல் ஓர் இலக்கத்தின் கீழே அசையாமல் நின்றது.

"ஏழரை, நானா," என்றாள். "ரெண்டு மாசமாப் பாக்கிறன். உங்கட கெப் லீற்றருக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல ஒரு நாளும் ஓடேல்ல. வாகனத்தோட வந்த புத்தகத்தில பன்னிரண்டரை எண்டு கிடக்கு."

"புத்தகம் எழுதினவன் ஐஸ் ஏத்திக்கிட்டு இறக்கக்கண்டி மணலுக்குள்ள இறங்கினவனா மிஸ்?"

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் கை தன்பாட்டில் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்தது.

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் ஸுஹைர் ஹாஜியாரின் மீன்வாடி இருக்கிறது. சுபஹு தொழுதுவிட்டு ஹஸ்மி கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். வெள்ளை டபிள் கெப்பின் பின்தட்டில் ஐஸ் கட்டிகளை ஏற்றுவான். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி தாண்டித் திரியாய் வரைக்கும் போய், ஐஸை இறக்கி மீனை ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுமுன் வாடிக்குத் திரும்பிவிடுவான். போகவர தொண்ணூற்றிரண்டு கிலோமீற்றர். பதினொரு வருடமாக அந்தச் சாவி அவனிடம்தான். எவ்வளவு டீசல் அடித்தாய், எவ்வளவு ஓடினாய் என்று அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவரும் வகுத்துப் பார்த்ததில்லை. கந்தோரில் கணக்கெழுதும் வேலைக்குக் கீர்த்தனி வந்து இரண்டு மாதம். பட்டணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், ஆனால் இரண்டு இலக்கத்தைக் கண்டால் ஒன்றை ஒன்றால் வகுக்காமல் விடமாட்டாள்.

ஸுஹைர் ஹாஜியார் தன் ஹைபிரிட் காரின் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ட காரப் பாரு ஹஸ்மி. லீற்றருக்கு இருபத்திரண்டு. பூனைக்குட்டி மாதிரி நக்கிக் குடிக்கிது. உன்ட கெப் என்னண்டா ஆனை தண்ணி குடிக்கிற மாதிரி உறிஞ்சிதே!"

ஆனை என்ற சொல்லில் ஹஸ்மியின் தோள் ஒருமுறை குலுங்கியது. கீர்த்தனி அதைக் கண்டாள். எதனால் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அது கெப் ஹாஜியார். கார் தார் ரோட்டுல தனிய ஓடுது. இது அறுநூறு கிலோ சுமக்குது."

"சுமக்கட்டும். சுமந்தாலும் ஒரு நாளைக்கு நாலு லீற்றர் கணக்குல இல்ல. நான் உன்னக் கள்ளன் எண்டு சொல்லல்ல. அந்த நாலு லீற்றர் எங்க போகுது எண்டுதான் கேக்கிறன்."

கள்ளன் என்று சொல்லவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல் அறைக்குள் வந்து கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. எண்ணெய் வரிசைக் காலத்தில், ஐந்து லீற்றருக்காக இரண்டு நாள் ரோட்டில் படுத்துக் கிடந்த ஊர் இது. இங்கே டீசல் கள்ளன் என்று பெயர் எடுத்தால், அதற்குப் பிறகு சாவியை நம்பிக் கொடுக்க ஒருவனும் வரமாட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை லீவுதானே," என்றார் ஹாஜியார். "டேங்க்க நிரப்புங்க. கீர்த்தனியும் கூட ஏறட்டும். திரியாய்க்குப் போய் வந்து திரும்ப நிரப்புங்க. விஷயம் தெளிஞ்சா சாவி உன்னட்ட. தெளியாட்டி அந்த மேசையில வெச்சிட்டுப் போ."

அன்று வியாழக்கிழமை. ஞாயிறு வரைக்கும் ஹஸ்மிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழும்பிப் போய் வாசலில் நின்றான். கெப் வாடியில் நிற்கிறது, வீட்டு வாசலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் நின்றான். ரோட்டில் ஓடும்போது கண்ணாடியைப் பார்ப்பதை விட்டு டீசல் முள்ளைப் பார்த்தான். நிலாவெளிப் பள்ளமொன்றில் முள் ஒரு மயிரிழை இறங்கியபோது நெஞ்சு அதைவிடக் கூட இறங்கியது.

சனிக்கிழமை மீன் இறக்கி முடித்து, பின்னேரம் வாகனத்தைக் கழுவினான். சும்மா கழுவவில்லை. அடியில் பிடித்திருந்த மணலைக் கையால் சுரண்டி எடுத்தான். பின்னுக்குக் கிடந்த இரும்புச் சட்டம், கயிறு, பழைய ஜாக்கி, தண்ணீர்க் கான், ஒரு மாதமாக யாரும் தேடாத ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் இறக்கி வைத்தான். நாலு டயருக்கும் கல்லு மாதிரிக் காற்று அடித்தான். ஞாயிறு காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவனை அவன் மனைவி பல்கீஸ் மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, பொண்ணு பாக்கவா போறீங்க, டீசல் அளக்கவா போறீங்க?"

"இண்டைக்கு அந்தப் புள்ளைக்குக் காட்டுறன், இந்தக் கை எப்படி ஓட்டும் எண்டு."

இதுதான், பாருங்கள், அவன் விட்ட பிழை. சோதினை என்று சொன்னதும் அவனுக்குள் இருந்த சாரதி எழும்பி நின்றுவிட்டான். கூடப் புள்ளி எடுத்தால் வெற்றி என்றுதான் அவன் நினைத்தான். எதற்கான புள்ளி என்று யோசிக்கவில்லை.

பெற்றோல் செட்டில் டீசல் அடிக்கிற தவராசா அவனுக்குப் பழைய ஆள். குழாய் 'டக்'கென்று தானாக நின்றதும், ஹஸ்மி கெப்பின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினான். நுரை அடங்கும்வரை மூவரும் டேங்க் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வாய் முட்ட இன்னும் கொஞ்சம்.

"எவ்வளவாம் ஓடுது?" என்று தவராசா கேட்டார்.

"ஏழரை," என்றாள் கீர்த்தனி.

"ஐயோ, அது எங்கட ஆக்களுக்கு ஆகாத இலக்கமெல்லோ! நானா, எப்பிடியும் எட்டாக்கிக்கொண்டு வாங்கோ."

"எட்டா?" ஹஸ்மி சிரித்தான். "இருந்து பாருங்க."

அன்று அவன் ஓட்டியதை ஓட்டுதல் என்று சொல்லக்கூடாது. காலுக்குக் கீழே முட்டை இருப்பதுபோல் மிதித்தான். ஏசியைத் தொடவில்லை. ஜன்னலையும் நாலு விரல் அளவுக்குத்தான் இறக்கினான். கூட இறக்கினால் காற்று உள்ளே வந்து பிடித்து இழுக்குமாம். அறுபதுக்கு மேல் முள் ஏறவில்லை. தூரத்தில் மாடு தெரிந்தாலே காலை எடுத்து, உருண்டு வரவிட்டு, மாடு போய் முடிந்த பிறகு மெதுவாகத் தொட்டான். நிலாவெளியில் பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்து, பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

"என்ன நானா, அடக்கத்துக்கு ஜனாஸாவா கொண்டு போறீங்க?"

கீர்த்தனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியர்வை கழுத்தால் ஓட ஓடச் சிரித்தாள். ஹஸ்மி திரும்பவேயில்லை. இறக்கக்கண்டியில் கடற்கரைக்கு இறங்கவேண்டிய தேவையும் இல்லை, ஐஸ் இல்லையே. பாலத்தைத் தாண்டி நேரே போனார்கள்.

திரியாய்ச் சந்தியில் திரும்பி உள்ளே போனால் குளக்கட்டு வரும். கட்டுக்குக் கீழே ஒரு மருத மரம், மரத்தடியில் புஷ்பவதியின் தகரக் கொட்டில். வாடிக்கு மீன் சேர்த்துக் கொடுக்கிறவள் அவள்தான். கடற்கரைப் பாதையில் கெப் புதையும் என்பதால், படகுகளிலிருந்து மீன் உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் இந்தக் கொட்டிலுக்கு வரும். அது வந்துசேர முக்கால் மணி, சில நாளில் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை ஹஸ்மி அந்த மரத்தடியில்தான் நிற்கவேண்டும்.

அன்று மரத்தடிக்கு வந்ததும் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு ஒரு மூச்சை இழுத்து, சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றது.

குளத்தில் நீர்க்காகம் சிறகடிப்பது கேட்டது. அவ்வளவு அமைதி.

இறங்கவில்லை அவன். கண் மட்டும் குளக்கட்டில் ஏறி, அந்தப் பக்கப் பற்றைக்குள் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. இளநி வெட்டிக்கொண்டு வந்த புஷ்பவதி வாகனத்தருகே வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"என்ன நானா, எஞ்சின் நிண்டு போச்சோ? ரெண்டு வரியமா இந்த மரத்தடியில இதின்ர சத்தம் நிண்டு நான் கேக்கேல்லையே!"

"இளநியக் குடுங்க அக்கா, மிஸ் வெயிலில வந்தவ."

"ஏன் நானா அவ அப்பிடிச் சொல்லுறா?" என்று திரும்பி வரும் வழியில் கீர்த்தனி கேட்டாள்.

"சும்மா, பகிடி."

தவராசா மறுபடி டேங்க்கை நிரப்பினார். குழாய் நின்றது. குலுக்கினார்கள். நுரை அடங்கியது. இன்னும் கொஞ்சம். இயந்திரத்தின் இலக்கம் சரியாக எட்டில் வந்து நின்றது.

"எட்டு லீற்றர்! தொண்ணூற்றிரண்டை எட்டால வகுங்க மிஸ்!" ஹஸ்மி கத்தினான். "பதினொண்டரை! லீற்றருக்குப் பதினொண்டரை! புத்தகக்காரனுக்கு ஒண்டுதான் குறைவு. தவராசா அண்ணே, பாத்தீங்களா?"

தவராசா அவன் முதுகில் தட்டினார். ஹஸ்மி கெப்பின் பொனட்டில், ஒரு மாட்டைத் தட்டுவதுபோல, அன்பாக இரண்டு தட்டுத் தட்டினான். அப்போதுதான் கீர்த்தனி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான்.

அவள் கொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானா," என்றாள் மெதுவாக. "அப்ப வாகனத்தில பிழை இல்லை."

"இல்லவே இல்ல!"

"நானா... வாகனத்தில பிழை இல்லையெண்டால், மற்ற நாளில அந்த நாலு லீற்றர்..."

  ஹஸ்மியின் கை பொனட்டின் மேல் அப்படியே கிடந்தது. தவராசா குழாயைக் கொளுவிவிட்டு, முதலே துடைத்திருந்த கெப்பின் முன்கண்ணாடியைத் திரும்பத் துடைக்கப் போனார். ஏழரை வந்திருந்தால் அது வாகனத்தின் வருத்தம். கராஜுக்கு அனுப்பியிருப்பார்கள். பதினொன்றரை வந்ததென்றால், வாகனம் சுகமாக இருக்கிறது. ஓட்டுகிறவன்தான் நாலு லீற்றரை எங்கோ இறக்குகிறான். இரவு பகலாகப் பாடுபட்டு, தேய்த்த சட்டை போட்டு, தனக்கு எதிரான சாட்சியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"நாளைக்கு ஹாஜியார் கேப்பார்," என்றாள் கீர்த்தனி. "இலக்கத்த மாத்திச் சொல்ல எனக்கு ஏலாது நானா."

"மாத்தச் சொல்லல்லயே மிஸ்."

கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது காற்று சட்டையைப் பிடித்து உதறியது. வீட்டுக்குப் போய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான், நிறுத்திய இடம் பிடிக்காமல் இழுத்து வேறு இடத்தில் நிறுத்தினான். அஸர் தொழப் போனான். இரண்டாவது ரக்அத்தா, மூன்றாவதா என்று குழம்பிப்போனது. திரும்பி வந்து முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு றிகாஸ் வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் ஐந்து லீற்றர்க் கான்.

"நானா, வயலுக்குத் தண்ணி இறைக்கோணும். மெசினுக்கு எண்ணெய் இல்ல. உங்களுக்கிட்ட இரிக்குமே, ஒரு அஞ்சு லீற்றர்... செட்டு விலையில வேணாம், நம்மட ஆக்கள் தானே, கொஞ்சம் குறைச்சு..."

"எனக்கிட்ட ஏது எண்ணெய்?"

றிகாஸ் கண்ணைச் சிமிட்டினான். "நான் ஆருக்கும் சொல்ல மாட்டன் நானா. பயப்படாதீங்க."

அவன் கெட்டவனில்லை. உதவி கேட்டுத்தான் வந்தான், மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் ஹஸ்மியைக் கொன்றது. கோபம் வந்திருந்தால் கானைப் பிடுங்கி எறிந்திருப்பான். வந்தது வேறு என்னவோ. "போயிட்டு வா றிகாஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தான்.

பல்கீஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சொல்லிடுங்களேன்," என்றாள்.

"என்னத்தச் சொல்ற?"

"ஆனையச் சொல்லுங்க."

அவன் செம்பைக் கீழே வைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கதை அது. அன்றும் காலை, அதே மருத மரம், பனிப்புகார் இன்னும் கலையவில்லை. மீன் வரப் பிந்தும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு ஹஸ்மி சீற்றில் சாய்ந்திருந்தான். கண் திறந்தபோது குளக்கட்டு நகர்ந்து வருவதுபோல் இருந்தது. நகர்ந்தது கட்டு இல்லை. தனியன் யானை. பதினைந்து அடியில். சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். 'டிக்.' பற்றரி செத்துக் கிடந்தது. தும்பிக்கை பின்னால் இருந்த பெட்டியொன்றை இழுத்து உடைத்தது. பக்கக் கண்ணாடி நொறுங்கியது. ஹஸ்மி ஸ்டியரிங்குக்குக் கீழே மடிந்து கிடந்தான். யானையின் மூச்சு ஜன்னலில் ஆவியாகப் படிவதைக் கண்டான். எவ்வளவு நேரமென்று தெரியாது. அது தன்பாட்டில் போய்விட்டது. அது போன பிறகுதான் சீற் நனைந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

சண்டைக் காலத்தில் இதே ரோட்டில், முன்னும் பின்னும் வெடிச் சத்தம் கேட்கக் கேட்க லொறி ஓட்டியவன் என்று தேத்தண்ணிக் கடையில் பெயர் பெற்றவன் அவன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வான்? கண்ணாடியை லொறி இடித்தது என்றான். சீற்றில் ஐஸ் உருகியது என்றான். பற்றரியை ஹாஜியார் மறுநாளே புதிதாக மாற்றிக் கொடுத்தார். ஆனால் பற்றரிதான் மாறியது. அன்றைக்குப் பிறகு அந்த மரத்தடியில் அவன் எஞ்சினை ஒருநாளும் நிறுத்தியதில்லை. ஒரு மணி நேரமென்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஏற்றியபடி, ஏசி போட்டபடி, கியரில் கை வைத்தபடி.

"உனக்கு... ஆர் சொன்ன?"

"ஆர் சொல்லோணும்? அண்டைக்குக் காற்சட்டைய நீங்களே கழுவிக் கொண்டு வந்தீங்க. கல்யாணம் முடிச்சு இருபது வரிசமா மூஞ்சி துடைக்கிற ஒரு லேஞ்சுகூடக் கழுவாத மனிசன். பெறகு ஒரு மாசம் நித்திரையில 'டிக், டிக்' எண்டீங்க." வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "ஊர் சிரிக்கும்தான். சிரிக்கட்டும். கள்ளன்ட பொஞ்சாதியா இரிக்கிறத்த விட பயந்தாங்கொள்ளிட பொஞ்சாதியா இரிக்கிறது எனக்கு லேசு. றிகாஸ் கான் தூக்கிட்டு வாறான், இன்னும் ரெண்டு நாளுல வரிசையில நிப்பாங்க."

மறுநாள் ஹாஜியார் வருவதற்கு முன்பே, ஐஸ் ஏற்றும்போதே, கீர்த்தனியின் வீட்டுக்கு ஃபோன் அடித்தான்.

"மிஸ், இண்டைக்கும் வாங்க. நேத்து நீங்க பாத்தது நான் ஓட்டினதில்ல. சோதினை இல்லாத நாள் எப்படி எண்டு பாத்திட்டு ஹாஜியாருட்டச் சொல்லுங்க."

அவள் தலைமுடியைக்கூடச் சரியாகப் பின்னாமல் வந்து ஏறினாள். தவராசாவிடம் டேங்க் நிரப்பி, குலுக்கி, நுரை அடக்கிப் புறப்பட்டார்கள். அறுநூறு கிலோ ஐஸ் பின்னால் குந்தியிருந்தது. கெப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது. இன்றைக்கு முட்டை ஒன்றும் காலுக்குக் கீழே இல்லை. ஐஸ் உருகுமுன் போகவேண்டும், ஹஸ்மி மிதித்தான். நேற்றைய முச்சக்கர வண்டிக்காரனை நிலாவெளியில் கடந்து போனபோது அவன் வாய் பிளந்து பார்த்தான். இறக்கக்கண்டி மணலில் நாலு சில்லும் பிடிக்கிற கியரைப் போட்டு, எஞ்சின் அலற அலற, கரைக்கு இறங்கி ஏறினார்கள். கீர்த்தனி மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எழுதினாள். எழுத்து கோழி கிளறின மாதிரி வந்தது.

மருத மரத்தடியில் கெப் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

புஷ்பவதி கொட்டிலிலிருந்து கை காட்டினாள்: மீன் வர நேரம் செல்லும். பத்து நிமிடம் போனது. இருபது போனது. ஏசி உறுமியது. டீசல் முள் ஒரு நூல் இறங்கியதைக் கீர்த்தனி பார்த்தாள்.

"நிப்பாட்டலாமே நானா."

"ஏலாது மிஸ்."

"ஏன்?"

அவன் கண்ணாடி வழியே குளக்கட்டைப் பார்த்தபடியே சொன்னான். தனியனைச் சொன்னான், 'டிக்' என்ற சத்தத்தைச் சொன்னான், கண்ணாடியை லொறி இடிக்கவில்லை என்று சொன்னான். சீற் நனைந்ததை மட்டும் சொல்லவில்லை. அது பல்கீஸுக்கும் எங்களுக்கும் தெரிந்தால் போதும். நீங்களும் வெளியே விடாதீர்கள்.

கீர்த்தனியும் குளக்கட்டைப் பார்த்தாள்.

"நேற்று நிப்பாட்டினீங்கள்தானே?"

"நேத்து மானத்துக்காக நிப்பாட்டினன். அந்தப் பத்து நிமிசம் நான் செத்துத்தான் இருந்தன்."

"இப்ப ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமே. நான் பக்கத்தில இருக்கிறன்."

அவன் சாவியைப் பிடித்தான்.  சாவிக்கொத்து கிலுகிலுத்தது. திருப்ப முயன்றான், விரல் கேட்கவில்லை. சாவியை விட்டுவிட்டுக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டான். கீர்த்தனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கொப்பியைத் திறந்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதினாள்: 'திரியாய், எஞ்சின் ஓடியபடி காத்திருப்பு, அறுபத்தெட்டு நிமிடம்.'

மீன் ஏற்றித் திரும்பினார்கள். தவராசாவின் குழாய் பன்னிரண்டு தசம் ஒன்றில் நின்றது. கீர்த்தனி வகுத்தாள். ஏழு தசம் ஆறு.

"ஏழரை திரும்பி வந்திட்டுது போல," என்றார் தவராசா, கவலையாக. ஹஸ்மி பெருமூச்சு விட்டான். அந்த இலக்கம் இவ்வளவு நல்லதாக இருக்கும் என்று அவன் நினைத்ததேயில்லை.

வாடியில் ஹாஜியார் இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே வாகனம். ஒரே ரோடு. ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பன்னிரண்டா?"

"சும்மா ஓடினா எட்டு," என்றாள் கீர்த்தனி. "ஐஸ், மணல், அவசரம் எல்லாம் சேந்து ரெண்டரை. நிண்ட இடத்தில மிச்சம். ஒரு துளியும் வெளிய போகேல்ல, நான் கண்ணால பாத்தனான்."

"நிண்ட இடத்துல ஏன் எஞ்சின் ஓடுது? அறுபத்தெட்டு நிமிசம்! ஆருக்காக?"

கீர்த்தனி ஹஸ்மியைப் பார்த்தாள். 'பாதுகாப்புக் காரணம்' என்று எழுதி மூடிவிட அவள் பேனையைத் திறந்தும் விட்டாள். மீன் கழுவுகிற ஆட்கள் வாசலில் நின்று காது கொடுத்தார்கள். ஹஸ்மி அவர்களைப் பார்த்தான், ஹாஜியாரைப் பார்த்தான்.

"எனக்கு ஆனைக்குப் பயம் ஹாஜியார்," என்றான். "கண்ணாடிய லொறி இடிக்கல்ல. ஆனைதான் உடைச்ச. அதுக்குப் பெறகு அந்த இடத்துல எஞ்சின நிப்பாட்ட எனக்கு ஏலாது. நான் பொய் சொன்னது அது ஒண்டுதான்."

ஹாஜியார் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு ஏலாமல் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவன் தும்பிக்கை மாதிரிக் கையைத் தூக்கிக் காட்டினான். ஹஸ்மி அசையாமல் நின்றான். காது மட்டும் சிவந்தது.

"எனக்கிட்டச் சொல்லியிரிக்கலாமேடா!"

"சொன்னா சிரிப்பீங்க."

"ஓம், சிரிப்பன்தான். சிரிக்கிறன்தானே." கண்ணைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிட்டவா வந்தது?"

"மூச்சு கண்ணாடியில பட்டுது."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. ஹாஜியார் கொப்பியை மூடினார்.

"சரி. இனி அந்த மரத்தடியில நிக்காத. திரியாய்ச் சந்தியில கடையடியில நில்லு. மீன் வந்து சேந்தா புஷ்பவதி ஃபோன் அடிக்கட்டும், உள்ள போய் ஏத்திட்டு வா. ஆனா சந்தியில எஞ்சின் ஓடப்படாது, சொல்லிட்டன்."

சாவி ஹஸ்மியின் பையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது கீர்த்தனியின் குரல் கேட்டது: "ஹாஜியார், உங்கட காரையும் ஒருக்கா நிரப்பிப் பாப்பமே? போன கிழமை பில்லுகளை வகுத்துப் பாத்தனான், பதின்மூண்டுதான் வருது."

"அது... அது ஏசி போட்டு ஓடின கிழமை."

அடுத்த நாள் காலை ஹஸ்மி சந்திக் கடையடியில் கெப்பை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தினான். கடையில் ரேடியோ பாடியது, பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது, எங்கும் மனிதச் சத்தம். அப்படியிருந்தும் அவன் சீற்றை விட்டு இறங்கவில்லை. ஃபோனை எடுத்துப் பார்த்தான், வைத்தான். உடனே சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. நிறுத்தினான். ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தான். எதற்கும் இன்னொரு தரம் திருப்பினான். பிடித்தது.

"ஆனை நானா!" கடைக்குள் இருந்து ஒருவன் கூப்பிட்டான். அதற்குள் செய்தி வந்துவிட்டது. "வாகனம் ஸ்டார்ட் ஆகுதா எண்டு பாக்கிறீங்களோ, எங்கள எழுப்புறீங்களோ?"

"ரெண்டும்தான்," என்றான் ஹஸ்மி.

சாவியைத் திருப்பி நிறுத்தினான். இந்த முறை அதை உருவி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். கடை வாங்கில் உட்கார்ந்து, ஒரு கண்ணை ஃபோனிலும் ஒரு கண்ணை வடக்கே பற்றை தொடங்கும் இடத்திலும் வைத்துக்கொண்டு, பாதி ஆறின தேத்தண்ணியைக் குடித்தான். சாவியை இரண்டு தரம் திருப்பியதில் எவ்வளவு டீசல் போனதென்று கீர்த்தனியின் கொப்பியில் ஒரு நாளும் வரவில்லை.